அட்டவணைகளின் காடு

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக டாப்சிலிப் போகிற எவரிடமும் ஒரு கதை சொல்லப்படும். ஹ்யூகோ வுட் என்றொரு வெள்ளைக்கார வன அதிகாரி. கையில் வெள்ளிப்பூண் போட்ட ஊன்றுகோல், சட்டைப் பை நிறையத் தேக்கு விதை. நடக்கிற வழியெல்லாம் கோலால் மண்ணைக் குத்துவார், குழியில் ஒரு விதையைப் போடுவார், மேலே நடப்பார். வேன் ஜன்னல் வழியாக நாம் பார்க்கிற தேக்கங்காடு அப்படி ஒற்றை ஆள் நடந்து நடந்து உண்டாக்கியதுதானாம். 1933இல் அவர் இறந்தபோது இங்கேயே மரங்களுக்கு நடுவில் அடக்கம் செய்தார்கள். கல்லறையில் லத்தீன் வாசகம் ஒன்று இருக்கிறது. நினைவுச்சின்னம் தேடுகிறவன் சுற்றிலும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் பொருள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென் கல்லறையிலிருந்து கடன் வாங்கியது. ரென்னும் அந்தத் தேவாலயத்துக்குக் கல் சுமக்கவில்லை.

தேக்கு வளர்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். விதையின் ஓடு கல் மாதிரி இருக்கும். தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி ஊறப்போட்டு, இப்படிப் பல நாள் பாடுபட்டாலும் முளைக்காமல் போவது ஏராளம். நாற்றங்கால் போட வேண்டும். குழி எடுக்க வேண்டும். முதல் சில வருஷம் களை வெட்டி, சுற்றுகிற கொடியை அறுத்துவிட வேண்டும். கோடை வருவதற்குள் தீத்தடுப்புக் கோடு வெட்டிச் சருகைக் கூட்டித் தள்ள வேண்டும். மழைக்காலத்தில் அட்டைக்கு நடுவில் நின்று செய்கிற வேலை பாதி, வெயிலில் கருகிச் செய்கிற வேலை பாதி. ஊன்றுகோலால் ஆகிற காரியமா இது? வுட் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. மொட்டையடித்த மலையில் மறுபடி மரம் வளரணும் என்று நினைத்த சிலரில் அவரும் ஒருவர். ஆனால் காடருக்கும் மலசருக்கும் புலையருக்கும் கையே இல்லாதது போல இந்தக் கதை கட்டப்பட்டிருக்கிறது. வரலாறு என்ற பெயரில் நமக்குச் சொல்லப்படுகிற பலவும் இப்படித்தான். தஞ்சாவூர்க் கோயிலை ராஜராஜன் கட்டினான், மேட்டூர் அணையை ஸ்டான்லி கட்டினான், ஆனைமலைக் காட்டை வுட் நட்டார்.

மொட்டையடித்தது யார் என்பது டாப்சிலிப் என்ற பெயரிலேயே இருக்கிறது. மலை உச்சியில் வெட்டின தேக்குக் கட்டைகளைச் சரிவில் சறுக்கிவிட்ட இடம் அது. 1848இல் கேப்டன் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியை ஆனைமலைக் காட்டுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்குத் தேக்கு அனுப்புவது அவர் வேலை. பிறகு ரயில் வந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஓடின அதே வருஷத்தில்தான் சென்னை மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாவலராக ஹ்யூ கிளக்ஹார்ன் நியமிக்கப்பட்டார். தண்டவாளத்துக்குக் கட்டை வேண்டும், கட்டைக்குக் காடு வேண்டும், காட்டைக் காப்பாற்ற ஒரு துறை வேண்டும். பாதுகாப்பு என்ற சொல் இந்தக் காட்டுக்குள் நுழைந்த வழி இது. காட்டைக் கெடுக்கிறவன் யார் என்று கேட்டபோது கப்பல் தளத்தையும் ரயில் கம்பெனியையும் யாரும் கை காட்டவில்லை. மலைச்சரிவில் காடு வெட்டி எரித்துத் தினையும் சாமையும் விதைத்தவனைக் காட்டினார்கள். குமரி என்று அந்த விவசாயத்துக்குப் பெயர். 1860இல் அரசாங்கக் காடுகளில் அனுமதியில்லாமல் குமரி போடக்கூடாது என்று சென்னை மாகாண அரசு உத்தரவு போட்டது. 1882இல் வனச் சட்டம் வந்தது. அதற்கப்புறம் காட்டில் பிறந்தவன் காட்டில் தேன் எடுத்தால் அது சலுகை, விறகு எடுத்தால் குற்றம்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் காடரைப் பற்றி எழுதினதில் ஒரு செய்தி எனக்கு மறக்கவே மறக்காது. 1909இல் தர்ஸ்டன் வெளியிட்ட சாதிகளும் பழங்குடிகளும் தொகுதியிலும் அது இடம்பெற்றிருக்கிறது. காடர் துப்பாக்கி தூக்கி வருவார்களாம், சுமையும் தூக்குவார்களாம், ஆனால் ஒரு உதவி மாதிரித்தான். கூலி என்று கூப்பிட்டுவிட்டால் மனம் புண்பட்டுவிடுமாம். எழுதினவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. எனக்கு அது வேலைநிறுத்தத்தின் முதல் வரி மாதிரிப் படுகிறது. தலையின் நீள அகலத்தையும் மூக்கையும் அளந்து குறிப்பெடுத்தவர்கள், அளக்கப்பட்டவர்களின் ரோஷத்தையும் தெரியாமல் குறித்து வைத்துவிட்டார்கள்.

எனக்குக் காடு பார்க்கிற பைத்தியம் பிடித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முண்டந்துறை, முதுமலை, கோடியக்கரை, பரம்பிக்குளம் என்று கையில் காசு இருக்கிறபோதெல்லாம் போயிருக்கிறேன். இயக்கத் தோழர்கள் கேலி பண்ணுவார்கள். “சேரியில குடிதண்ணிக் குழாய் வரலை, இவரு மந்தி பாக்கப் போறாரு” என்பார்கள். கேலியில் நியாயம் இருக்கிறது. சரணாலயத்தில் சந்திக்கிற பயணிகளில் பெரும்பாலோர் யார் என்று பார்த்தாலே தெரியும். கழுத்தில் லட்ச ரூபாய் கேமரா, வாயில் பறவைகளின் லத்தீன் பெயர்கள். பேச்சு கடைசியில் எங்கே வந்து நிற்கும் என்றால், “உள்ள இருக்கிற ஜனங்களை வெளியேத்திட்டாப் போதும் சார், காடு தப்பிச்சிடும்” என்பதில். அவர்கள் இருவாச்சியை நேசிப்பது பொய்யில்லை. எனக்கும் அந்தச் சிறகடிப்புச் சத்தம், தூரத்தில் நீராவி எஞ்சின் வருகிற மாதிரி கேட்கிறபோது, நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றுதான் போகிறது. காட்டை ரசிப்பது மேட்டுக்குடிக்கு மட்டும் உரியது என்று எவனும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ரசிக்கிற கண்ணுக்கு இருவாச்சி தெரிகிறது, அது கூடு கட்டியிருக்கிற மரம் எது என்று காட்டிக்கொடுத்த காடர் தெரிவதில்லை. பக்கத்திலேயே கேரளத்து வாழச்சால் காட்டில் இருவாச்சிக் கூடுகளை வருஷா வருஷம் கண்காணித்து வருகிறவர்கள் காடர்கள்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்க பாட்டி வால்பாறையில் கொழுந்து பறித்தவள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் கட்டிக்கொண்டு போனபோது போனவள். “சோலைக்காட்ட அழிச்சுத்தாம்லே தேயிலை வச்சாவ. மரம் விழுத சத்தம் ராவெல்லாம் கேக்கும்னு எங்க அய்யா சொல்லுவாவ” என்பாள். வால்பாறையில் கார்வர் மார்ஷ் என்ற துரைக்குச் சிலை இருக்கிறது, ஆனைமலைத் தோட்டங்களின் தந்தை என்று. அங்கே செத்தவர்களுக்குச் சிலை இல்லை. 1940களில் அந்தத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதின நாவல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் வந்ததால்தான் நம் ஆட்கள் மலேரியாவிலும் பசியிலும் எப்படி மாண்டார்கள் என்பது படித்தவர்களுக்குத் தெரிந்தது. இன்றைக்குப் புலிகள் காப்பகத்தின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் நடுவில் வால்பாறை மேட்டுநிலம் ஒரு தீவு மாதிரி இருக்கும். சுற்றிலும் காப்பகம், நடுவில் தேயிலை. சோலையை வெட்டிய கம்பெனிகளின் தோட்டம் காப்பகத்துக்கு வெளியே நின்றுகொண்டது. சோலைக்குள்ளேயே இருந்த காடரின் குடிசை உள்ளே மாட்டிக்கொண்டது.

இந்தக் காட்டுக்கு எத்தனை பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள். ரிசர்வ் காடு. 1976இல் வனவிலங்குச் சரணாலயம். பிறகு அதற்கு இந்திரா காந்தி பெயர். அதற்குள்ளேயே கரியன் சோலை, புல்மலை, மஞ்சம்பட்டி இவையெல்லாம் சேர்ந்து தேசியப் பூங்கா. 2007இல் புலிகள் காப்பகம். அந்த வருஷம் டிசம்பர் 28ஆம் தேதி சுமார் 958 சதுர கிலோமீட்டரைப் புலிகளின் முக்கிய வாழிடம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. டிசம்பர் 31ஆம் தேதி, 2006இல் பாராளுமன்றம் நிறைவேற்றின வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நடுவில் மூன்றே நாள். ஒரு வருஷமாகத் தூங்கின சட்டத்துக்கு முன்னால் அவசர அவசரமாக ஓடி வந்து இடம் பிடித்த அறிவிப்பு இது. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி.

இனி அட்டவணைக்கு வருகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் விலங்குகள் அட்டவணை அட்டவணையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் அட்டவணையில் இருந்தால் உச்சப் பாதுகாப்பு. புலி, வரையாடு, சிங்கவால் குரங்கு என்கிற சோலைமந்தி எல்லாம் அதில். யானை 1977இல் முதல் அட்டவணைக்கு வந்தது. அதுவரை ஆனைமலையில் யானை என்றால் குழி வெட்டிப் பிடித்துக் கட்டை இழுக்கப் பழக்குகிற மிருகம். குழி வெட்டினது, விழுந்த யானையை மேலே ஏற்றினது, பழக்கினது, மேய்த்தது பெரும்பாலும் மலசர்கள். இப்போதும் கோழிகமுத்தி முகாமில் மாவுத்தர்கள் அவர்கள்தான். அங்கே இருந்த கலீம் என்ற கும்கி யானை 2023 மார்ச்சில் ஓய்வு பெற்றபோது வனத்துறையினர் வரிசையாக நின்று மரியாதை செலுத்தினார்கள். அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். தலைமுறை தலைமுறையாக யானைக்குப் பின்னால் நடந்து செத்த மாவுத்தன் எவனுக்காவது அப்படி ஒரு வரிசை நின்றதுண்டா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

நம்மைப் பற்றியும் அட்டவணை இருக்கிறது. அட்டவணைச் சாதி என்ற சொல் 1935 இந்திய அரசாங்கச் சட்டத்தில் வந்து, 1936 உத்தரவில் பட்டியலாகி, 1950இல் அரசியல் சட்டத்தின் 341ஆவது பிரிவுப்படி மறுபடி எழுதப்பட்டது. பழங்குடிகளுக்கு 342ஆவது பிரிவு. அண்ணல் நமக்கு வாங்கித் தந்த இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் நான் பேனா பிடித்திருக்க மாட்டேன், அதை எங்கேயும் சொல்லுவேன். ஆனால் அந்தப் பட்டியல் மலை ஏறும்போது என்ன ஆகிறது என்பதை உடுமலைப்பேட்டைப் பக்கம் போனபோதுதான் பார்த்தேன்.

ஆனைமலையில் ஆறு சமூகங்கள் என்று சொல்வார்கள்: காடர், மலசர், மலை மலசர், முதுவர், இரவாளர், புலையர். முதல் ஐந்தும் தமிழ்நாட்டில் பழங்குடிப் பட்டியலில் இருக்கின்றன. புலையர் மட்டும் பட்டியல் சாதி. புலையர் என்றதும் நமக்கு அய்யன்காளி ஞாபகம் வரும். 1893இல் தடுக்கப்பட்ட சாலையில் வில்வண்டி ஓட்டின அய்யன்காளி. திருவிதாங்கூர்ச் சமவெளியில் நெல் வயலில் அடிமைப்பட்டுக் கிடந்த அந்தப் புலையர் வேறு, குருமலையிலும் குழிப்பட்டியிலும் தைலப்புல் அறுத்துக் காய்ச்சி, மொச்சையும் ராகியும் போட்டு வாழ்கிற இந்தப் புலையர் வேறு. பட்டியல் எழுதினவனுக்குப் பெயர் ஒன்றாக இருந்தது போதும்.

உடுமலையிலிருந்து மூணாறு போகிற சாலையில் அமராவதி வனச்சரகத்தைத் தாண்டினால் சின்னாறு. ஆற்றின் மேல் ஒரு பாலம். இந்தப் பக்கம் ஆனைமலைப் புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் 1984இல் அறிவிக்கப்பட்ட சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். இரண்டு பக்கமும் அதே முள்காடு, அதே சாம்பல் நிற அணில். பாலத்துக்குக் கீழே ஆற்றைக் கடந்து அந்தப் பக்கம் போகிற யானை இரண்டு கரையிலும் முதல் அட்டவணைதான். புலையர் அப்படி இல்லை. கேரளத்தில் மலைப்புலையர் பழங்குடி. குறும்பப் புலையர், கரவழிப் புலையர் என்று கிளைப் பெயர்கள் உட்பட அங்கே பட்டியலில் ஏற்றியிருக்கிறார்கள். பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் பட்டியல் சாதி. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சொந்தம் ஆற்றுக்கு அந்தக் கரையில் பழங்குடி, இந்தக் கரையில் சாதி. காடருக்கு இன்னொரு கூத்து. கேரளத்தில் அவர்கள் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்ற தனிப் பட்டியலில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பேர். காடர் இல்லை. எல்லைக்கோடு தாண்டினால் நலிவு தீர்ந்துவிடுகிறது போலிருக்கிறது.

கேரளத்தைச் சொர்க்கம் என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. 2003 பிப்ரவரியில் முத்தங்காவில் நிலம் கேட்டுக் குடிசை போட்ட ஆதிவாசிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதுவும் ஒரு வனவிலங்குச் சரணாலயம்தான்.

பட்டியல் எதுவானால் என்ன, இரண்டிலும் சலுகை இருக்கிறதே என்று நம் தோழர் ஒருவர் என்னிடம் வாதாடினார். படிப்பிலும் வேலையிலும் வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். காட்டுக்குள் அப்படி இல்லை. வன உரிமைச் சட்டம் இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கிறது. பழங்குடிப் பட்டியலில் இருப்பவர், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அந்தக் காட்டில் வாழ்ந்து காட்டையே நம்பியிருப்பதைக் காட்டினால் போதும். பட்டியலில் இல்லாதவர் ‘இதர பாரம்பரிய வனவாசி’. அவர் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்தக் காட்டில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். கணக்குப் போட்டால் 1930 வருகிறது. பக்கத்துப் பதியில் இருக்கிற முதுவருக்கு இந்தக் கணக்கு இல்லை. அவரோடு ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிற புலையருக்கு உண்டு. சட்டத்தின் கண்ணில் பட்டியல் சாதிக்காரன் ஊரில் பிறந்தவன். காட்டில் அவன் இருந்தால் ஏதோ பிழைக்க வந்தவன்.

1930இல் மலைமேல் இருந்த ஒரு புலையரிடம் என்ன காகிதம் இருக்கும்? ரேஷன் கார்டு அப்போது பிறக்கவில்லை. பட்டா கொடுக்கிற ரெவின்யூக்காரன் காட்டுக்குள் வருவதில்லை. அவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கக்கூடியது வனத்துறை மட்டும். உன் மேல் வழக்குப் போட்டவனிடமே போய் நீ இங்கே இருந்ததற்குச் சாட்சி வாங்கி வா என்கிற நிலை.

உடுமலை மலைமேல் ஒரு பதிக்கு வன உரிமை மனு எழுத உதவி வேண்டும் என்று கூப்பிட்டதால் போயிருந்தேன். அங்கே யாரும் ஊர் என்று சொல்வதில்லை, செட்டில்மென்ட் என்கிறார்கள். வனத்துறை வைத்த சொல் அவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அடிவாரத்திலிருந்து நடைதான். நோயாளி என்றால் தொட்டில் கட்டித் தூக்கி வர வேண்டும். பிரசவத்துக்கும் அதே தொட்டில்தான். சாலை கேட்டால் காப்பகம் என்கிறார்கள். காப்பகத்துக்குள் ஜீப் போகிற வழியெல்லாம் புலிக்குத் தெரியாமல் போட்டது போலிருக்கிறது.

அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். “ஐயா, உங்க தாத்தா காலத்துல இருந்தே இங்கதான் இருந்தீங்களா?”

“இதென்ன தம்பி கேள்வி? நாங்க எங்கிருந்தும் வரலை. மேல மச்சுல ராகிக் காடு இருந்துச்சு. வெட்டக் கூடாதுன்னு சொல்லிக் கீழ எறக்குனாங்க. அப்பறம் இங்கயும் இருக்கக் கூடாதுங்கறாங்க. பேப்பர்ல எஸ்சின்னு போட்டிருக்கு, அதனால நீ மலையாளு இல்லைங்கறாங்க. கீழ டவுனுக்குப் போனா, நீ மலைக்காரனப்பா, உனக்கென்ன எஸ்சிங்கறாங்க. ரெண்டு எடத்துலயும் ஆகலை.”

பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்த அவர் வீட்டம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்: “சாமிக்குத் தெரியும் நாங்க யாருன்னு. ஆபீசருக்குத்தான் தெரியலை.”

வன உரிமை விதிகளில் 13ஆவது விதியை நம் வழக்கறிஞர்களும் மாணவர்களும் நன்றாகப் படிக்க வேண்டும். எந்தெந்தச் சான்றுகளை ஏற்கலாம் என்று அதில் வரிசை இருக்கிறது. அரசு ஆவணம் மட்டும் சான்று இல்லை. முதியவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்கினால் அது சான்று. பழைய கிணறு, கோயில், சாமி இருக்கிற மரம் எல்லாம் சான்று. புதைமேடு சான்று. மனு கொடுக்கிறவர் தனக்குச் சொந்தமில்லாத எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. பெரியவரிடம் புதைத்த இடத்தைக் கேட்டதும் அவர் எழுந்து முன்னால் நடந்தார். உண்ணிச்செடிப் புதருக்குள் ஒரு மேடு. தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாகக் கற்கள். எழுத்து ஒன்றும் இல்லை. ஆனால் எது யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அப்பன், அப்பனைப் பெத்தவர், அவருக்கு மூத்த தாரம், பெரியம்மை வந்த வருஷம் ஒரே மாதத்தில் போன குழந்தைகள். அவர் சொல்லச் சொல்ல ஒரு இளைஞன் நோட்டில் எழுதினான். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வரி. இரண்டு கல்லுக்கு மட்டும் பெயர் வரவில்லை. அதற்கு ஒரு கிழவியைக் கேட்கணும் என்றார், கீழ்ப் பதியில் மகள் வீட்டில் இருக்கிறாளாம். அப்போதே ஒரு பையனை அனுப்பினார்கள்.

புலையர்கள் தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல வருஷமாகக் கேட்டு வருகிறார்கள். இது தெரிந்தபோது நம் பக்கத்தில் சிலருக்கு முகம் சுளித்தது. பட்டியலை விட்டுப் போகிறேன் என்று சொல்கிற இன்னொரு கூட்டமா என்றார்கள். பட்டியல் வெளியேற்றம் என்ற கோஷத்தைக் கேட்டுக் கேட்டு நமக்கு அந்தச் சந்தேகம் வருவது இயற்கை. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. பட்டியலில் இருப்பதே இழிவு, நாங்கள் ஆண்ட பரம்பரை என்று சொல்லி வெளியேறுகிறவன் சாதிப் படிக்கட்டில் மேலே இடம் கேட்கிறான். மலைப்புலையர் யாருக்கும் மேலே இடம் கேட்கவில்லை. இருக்கிற இடத்தில் இருக்க விடச் சொல்லுகிறார்கள். நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கிற சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் கல்வெட்டு இல்லை, திருத்தலாம் என்பதற்கு அதுவே போதும். தலித் இயக்கங்கள் இந்தக் கோரிக்கையை நம்முடையதாக எடுத்துப் பேச வேண்டும் என்பது என் கட்சி. பேசாவிட்டால், எஸ்சி என்று எழுதி அவர்கள் நிலத்தைப் பிடுங்குகிறவனுக்கு நம் பெயரைக் கடன் கொடுத்ததாகிவிடும்.

அதுவரைக்கும் கையில் இருக்கிற ஆயுதத்தை விட்டுவிடவும் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தத்தைப் பலரும் கவனிக்கவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் இரண்டு பேருக்குமே நிலத்தின் மீதும் தண்ணீரின் மீதும் உள்ள உரிமையோடு வன உரிமையையும் சேர்த்து, அதை அனுபவிக்க விடாமல் தடுப்பது வன்கொடுமை என்று அதில் எழுதியிருக்கிறது. ஊருக்குள் நடக்கிற அடிதடிக்கு இந்தச் சட்டத்தைப் பயன்படுத்திப் பழகின நாம் காட்டுக்குள் அதை எடுத்துப் போகவே இல்லை. நிலம் என்றால் நமக்குப் பஞ்சமி நிலம். 1892 அரசாணையைத் தேடிப் பிடித்து, 1994இல் காரணையில் ஜான் தாமசையும் ஏழுமலையையும் துப்பாக்கிக்குப் பலி கொடுத்து, ஆவணக் காப்பகத்தில் பழைய காகிதங்களைக் கிளறத் தெரிந்துகொண்டோம். அதே அலமாரிகளில்தான் வனத்துறையின் பழைய வேலைத்திட்டங்களும் கிடக்கின்றன. தேக்கு நட எத்தனை ஆள், எந்தப் பதியிலிருந்து வந்தார்கள், எவ்வளவு கூலி என்பதெல்லாம் அதில்தான் தேட வேண்டும். 1930க்கு முன்னால் புலையர் அங்கே இருந்தார்களா என்ற கேள்விக்கு ஒரு மஸ்டர் ரோல் கிடைத்தால் போதும்.

கேட்டால் கிடைக்காது என்றும் சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டில் 2008இல் உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவால் வன உரிமைப் பட்டா கொடுப்பது முடங்கி, 2016இல்தான் உச்ச நீதிமன்றத்தில் வழி திறந்தது. அதற்கப்புறமும் மெத்தனம்தான். இருந்தாலும் வால்பாறைப் பக்கம் கல்லார்குடிக் காடர்களைப் பாருங்கள். 2019 ஆகஸ்ட் மழையில் மலை சரிந்து அவர்கள் குடியிருப்பு அழிந்தது. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் கொண்டுபோய் வைத்தார்கள். கூலி என்று கூப்பிட்டால் புண்பட்ட பரம்பரையைக் கூலிக்காரர் வீட்டில் அடைத்தது வரலாறு செய்கிற கேலி. அவர்கள் அங்கேயே தங்கிவிட மறுத்தார்கள். பக்கத்திலேயே தங்கள் காட்டில், தெப்பக்குளமேட்டில், வீடு கட்ட நிலம் கேட்டார்கள். காப்பகத்துக்குள் புதிதாக இடம் தர முடியாது என்ற பதிலுக்கு அவர்கள் மசியவில்லை. பெண்கள் முன்னால் நின்றார்கள். 2021இல் காந்தி ஜெயந்தியன்று போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், அந்த வருஷமே தெப்பக்குளமேட்டில் நிலம் அளந்து கொடுக்கப்பட்டது. புலிகள் காப்பகத்துக்குள் ஒரு சமூகம் தன் வாழிடத்தைத் திரும்ப வாங்கினது சின்ன விஷயம் இல்லை. டாப்சிலிப்பில் வேன் ஏறுகிற பயணிகளுக்கு இந்தக் கதையை ஏன் சொல்லக்கூடாது? ஊன்றுகோல் கதையைவிட இதில் ஆட்கள் அதிகம், அதனால் சொல்ல நேரம் பிடிக்கும்.

மலைமேல் அந்தப் பதியில் மனு எழுதி முடிக்க இருட்டிவிட்டது. சோலார் விளக்கு ஒன்று மங்கலாக எரிந்தது. படிவத்தில் பெயர், தகப்பன் பெயர், துணைவர் பெயர், கிராமம், ஊராட்சி எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கட்டத்தில் பழங்குடியா என்று ஒரு கேள்வி, இதர பாரம்பரிய வனவாசியா என்று ஒரு கேள்வி. கணவன் மனைவி இருவரில் ஒருவர் பழங்குடி என்றால் அவருடைய சான்றிதழை இணைக்கலாம் என்றும் இருந்தது. எழுதிக்கொண்டிருந்த இளைஞன் சட்டென்று நிறுத்தி, “அண்ணா, எங்க அத்தை ஒருத்திய சின்னாறுக்கு அந்தப்பக்கம் கட்டிக்குடுத்திருக்கு. அவளுக்கு அங்க எஸ்டி சர்டிபிகேட் இருக்கு. அத வச்சு ஏதாவது பண்ணலாமா?” என்று கேட்டான். அத்தைக்குக் கிடைத்த சான்றிதழ் அத்தைக்குத்தான், அது அந்த மாநிலத்தோடு சரி என்று விளக்கினேன். பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். “அப்போ எதுல டிக் போடறது?” என்றார். இரண்டாவதில் என்றேன். இளைஞன் இரண்டாவதில் டிக் போட்டுவிட்டு, கற்களின் பெயர் எழுதின தாள்களை எண்ணிப் பார்த்து மனுவோடு சேர்த்துத் தைத்தான். கீழ்ப் பதிக்குப் போன பையன் அதுவரை திரும்பவில்லை. அந்த இரண்டு கல்லுக்கும் நேரே இடம் விட்டு வைத்திருந்தோம்.